பாத்தேக் சாயநீரைக் கனிமத் தூளால் தெளிய வைக்க முடியுமா? (வெள்ளைக் களிமண், துரு, வெயில்)

மெழுகுத்தூரிகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள பீடோரில், பழைய தோட்ட லயங்களை ஒட்டிய ஒரு வீட்டின் பின்கட்டில் சிறிய பாத்தேக் பட்டறை நடத்தி வருகிறேன். வெள்ளைப் பருத்தித் துணியில் சந்திங் என்னும் மெழுகுப் பேனா கொண்டு கோடு இழுத்து, ரெமசோல் வகைச் சாயத்தைத் தூரிகையால் தீற்றி, காய்ந்தபின் சோடியம் சிலிக்கேட் பூசி ஓர் இரவு விட்டு, மறுநாள் அலசி, சலவைச் சோடா போட்ட கொதிநீரில் மெழுகை இறக்குவது எங்கள் வழக்கம். வாரத்துக்கு ஏறத்தாழ 100 லிட்டர் சாயநீர் வெளியேறுகிறது. அது வீட்டின் பின்னுள்ள கால்வாய் வழியாகச் செம்பனைத் தோட்டத்துப் பள்ளத்துக்குள் போகிறது. சிவப்புச் சாயம் அலசும் நாளில் கால்வாய் ரோஜா நிறத்தில் ஓடுவதைப் பக்கத்து வீட்டம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து தம் கோழிகளை அந்தப் பக்கம் விடுவதில்லை.

ஆறாம் படிவம் படிக்கும் என் அக்காவின் மகன், கனிமங்களை வினையூக்கியாக, அதாவது வினையை விரைவுபடுத்தும் பொருளாகப் பயன்படுத்தினால் வெயிலிலேயே சாயம் சிதைந்துவிடும் என்று எங்கோ படித்துவிட்டு வந்தான். நம் வட்டாரத்தில் கிடைக்கும் வெள்ளைக் களிமண்ணையும் சுரண்டி எடுத்த இரும்புத் துருவையும் கலந்து, மீன் கடையில் விற்கும் மெத்திலீன் நீல மருந்தைக் கரைத்த புட்டியில் போட்டு வெயிலில் வைத்தான். ஒரு மணி நேரத்தில் நீர் கண்ணாடிபோலத் தெளிந்துவிட்டது. வீடே கொண்டாடியது. அதே கலவையை என் சிவப்புச் சாயநீரில் போட்டபோது நாள் முழுக்க வெயிலில் வைத்தும் நிறம் இம்மியளவும் குறையவில்லை. மருந்துக் கடையின் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிப் பார்த்தோம், பயனில்லை. அமிலத்தன்மை வேண்டுமாம் என்று முதல் அலசல் நீர் இருந்த வாளியில் சமையல் வினிகரைச் சேர்த்தோம். பத்து நிமிடத்தில் வாளித் தண்ணீர் முழுவதும் சிவப்பு அகார்-அகார்போல உறைந்துவிட்டது, கவிழ்த்தாலும் விழவில்லை.

ஒரு சாயம் தெளிவதும் மற்றொன்று அசையாமல் இருப்பதும் ஏன்? வாளி உறைந்தது ஏன்? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கரும்பலகை எழுதியது:

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் இரண்டு விவரங்கள் கேட்கத் தோன்றுகிறது. அந்த மெத்திலீன் நீலச் சோதனையில், அதே கலவையுள்ள இன்னொரு புட்டியை இருட்டில் வைத்துப் பார்த்தீர்களா? தெளிந்த புட்டியின் அடியில் படிந்த மண் என்ன நிறத்தில் இருந்தது?

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இடைநிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. கயோலின் (வெள்ளைக் களிமண்) முதலான களிமண் துகள்களின் மேற்பரப்பு பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் உடையது. மெத்திலீன் நீலம் நீரில் கரைந்ததும் நேர்மின்னேற்றம் பெறுகிறது. இரண்டும் சந்தித்தால் சாயம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு வெயிலும் தேவையில்லை, வினையூக்கியும் தேவையில்லை. ஒரு மண்ணில் எவ்வளவு களி இருக்கிறது என்பதை அளக்கவே இதே நீலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கும் பழைய சோதனை ஒன்று உண்டு. உங்கள் ரெமசோல் சாயமோ சல்ஃபோனேட் தொகுதிகளைச் சுமந்திருப்பதால் எதிர்மின்னேற்றம் உடையது. எதிரும் எதிரும் விலகும். ஆகவே களிமண் அதைத் தொடாமல் விட்டதில் வியப்பில்லை.

மெழுகுத்தூரிகை எழுதியது:

ஐயா, பையனிடம் கேட்டேன். மண் நீலமாகவே இருந்ததாம். அவன் அதைக் குப்பையில் கொட்டிவிட்டான். இருட்டுப் புட்டி வைக்கவில்லை. நேற்றிரவு உங்கள் பதிலைப் படித்துவிட்டு ஒரு புட்டியைத் துணி அலமாரிக்குள் வைத்தோம். காலையில் திறந்தால் அதுவும் தெளிந்திருக்கிறது. பையன் முகம் வாடிப்போயிற்று.

கரும்பலகை எழுதியது:

வாட வேண்டாம் என்று சொல்லுங்கள். பல ஆய்வுக்கூடங்களிலும் முதலில் நடப்பது இதுதான். அவன் செய்தது பரப்புக் கவர்தல். செய்ய நினைத்தது சிதைத்தல். சாயம் தண்ணீரிலிருந்து மண்ணுக்குக் குடிபெயர்ந்ததே தவிர எங்கும் அழியவில்லை. அந்த நீல மண்ணை உப்புநீரிலோ சாராயத்திலோ போட்டுக் குலுக்கினால் ஓரளவு நீலம் திரும்ப வருவதை அவனே காணலாம்.

இரும்புத்துரு எழுதியது:

மெழுகுத்தூரிகை அக்காவுக்கு வணக்கம். முதுகலை ஆய்வில் நான் தொட்டுக்கொண்டிருக்கும் துறை இது என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

கனிமங்களைக் கொண்டு சாயத்தை உண்மையிலேயே சிதைக்கும் வழிகளில் இரண்டு முக்கியமானவை. இரண்டிலும் வேலை செய்வது ஒரே ஆயுதம்தான்: ஹைட்ராக்சில் இயங்குறுப்பு. அது ஓர் ஆக்சிஜன் அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்த, இணையற்ற ஓர் எலக்ட்ரானோடு தவிக்கும் துணுக்கு. அதன் ஆக்சிஜனேற்ற மின்னழுத்தம் ஏறத்தாழ 2.8 வோல்ட்; ஓசோனுக்கு 2.07, குளோரினுக்கு 1.36 என்பதோடு ஒப்பிட்டால் அதன் வீரியம் விளங்கும். பிறந்த மறுகணமே எதிர்ப்பட்டதைக் கடித்துவிடும். எதிர்ப்பட்டது சாயமாக இருந்தால் நமக்கு நல்லது. வேறு ஏதாவதாக இருந்தால் ஆயுதம் வீண்.

முதல் வழி ஃபென்டன் வினை. 1894இல் எச். ஜே. எச். ஃபென்டன் என்னும் ஆங்கிலேய வேதியியலாளர், சிறிதளவு இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் டார்டாரிக் அமிலம் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைவதைப் பதிவு செய்தார். அதன் உள்ளே இயங்குறுப்பு இருக்கிறது என்ற விளக்கத்தை 1934இல் ஹேபரும் வைசும் முன்வைத்தார்கள். இரண்டிணைதிற இரும்பு (இரண்டு எலக்ட்ரான்களை இழந்தது) பெராக்சைடை உடைத்து இயங்குறுப்பை உண்டாக்கி, தான் இன்னொன்றையும் இழந்து மூவிணைதிற இரும்பாகிறது. அது மீண்டும் இரண்டிணைதிறத்துக்குத் திரும்பும் கட்டம் மிக மெதுவானது. வெயில் பட்டால் விரைவுபெறும். நீரின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 3 அளவில் இருக்கும்போதுதான் வினை நன்றாக நடக்கும். பிஎச் ஏறினால் இரும்பு துருச்சேறாகப் படிந்துவிடும்.

கரைந்த இரும்புக்குப் பதிலாக இரும்புக் கனிமத்தை வைத்தால் சேறு குறையும், தூளைத் திரும்ப எடுத்து மறுபடியும் பயன்படுத்தலாம் என்பதே கனிம வினையூக்கியின் கவர்ச்சி. ஆனால் எல்லா இரும்புக் கனிமமும் ஒன்றல்ல. நீங்கள் சுரண்டிய துருவில் இருப்பது பெரும்பாலும் கோத்தைட், லெபிடோக்ரோசைட் போன்றவை. அவற்றிலுள்ள இரும்பு முழுவதும் மூவிணைதிறம். ஆகவே சோம்பேறி. மேக்னடைட் என்னும் கறுப்புக் கனிமத்தில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு இரண்டிணைதிறமாகவே படிகத்துக்குள் அமர்ந்திருக்கிறது; அதனால் வேலை சுறுசுறுப்பு. வேலை முடிந்தபின் காந்தத்தை வாளிக்கு வெளியே வைத்துத் தூளை ஒரு பக்கமாக ஒதுக்கியும் விடலாம்.

இரண்டாம் வழி டைட்டானியம் டையாக்சைடு. 1972இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் அதன் மீது ஒளி விழுந்தால் நீர் பிரிவதைக் காட்டினார்கள். மாசு நீக்கத்துக்கு அதைப் பயன்படுத்தும் ஆய்வுகள் அதன்பின் பெருகின. அதன் படிக வடிவங்களில் ஒன்றான அனட்டேஸின் ஆற்றல் இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட். அதாவது 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம் கொண்ட புற ஊதா ஒளியே அதை எழுப்பும். நம் ஊர் வெயில் எவ்வளவு சுட்டாலும் அதில் புற ஊதாவின் பங்கு நூற்றில் ஐந்தைத் தாண்டாது. பெராக்சைடு தேவையில்லை என்பது இதன் வசதி. தூள் மிக நுண்மையானது, நீரிலிருந்து பிரிப்பது தலைவலி என்பது இதன் தொல்லை. களிமண்ணைத் தாங்கியாக வைத்து அதன் மீது இதை ஏற்றுவது இந்தத் தலைவலிக்காகத்தான். அங்கே கயோலின் வினையூக்கி அன்று; வினையூக்கி உட்காரும் திண்ணை.

வாளி உறைந்த கதைக்கும் விடை சொல்லிவிடுகிறேன். சோடியம் சிலிக்கேட் கடுங்காரக் கரைசல். அதில் அமிலம் விழுந்து பிஎச் இறங்கும்போது சிலிக்கா ஒன்றோடொன்று கைகோத்து வலையாகிவிடும். நடுநிலைக்கு அருகே அது கட்டிப்படும் வேகம் மிக அதிகம். நீங்கள் செய்தது ஒரு வாளி சிலிக்கா ஜெல். புதிய கைப்பை வாங்கினால் உள்ளே கிடக்கும் சிறு பொட்டலத்தில் இருப்பது அதன் காய்ந்த வடிவம்தான்.

மெழுகுத்தூரிகை எழுதியது:

தம்பி, இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அப்படியானால் சிலிக்கேட் கலந்த முதல் அலசல் நீரைத் தனியே வைக்க வேண்டுமா?

இரும்புத்துரு எழுதியது:

கட்டாயம் வைக்க வேண்டும், அக்கா. அலசுவதற்கு முன்பே துணியில் மிஞ்சிய சிலிக்கேட்டை ரப்பர் பட்டையால் வழித்து வாளிக்கே திருப்பினால் பாதிச் சிக்கல் தீரும். மிஞ்சியது கட்டிப்படாமல் கரைந்தே இருந்தாலும், சிலிக்கா இரும்பு ஆக்சைடின் மேற்பரப்பில் படிந்து பெராக்சைடு அங்கே நெருங்க விடாமல் தடுக்கும். மெழுகு இறக்கிய சோடா நீரையும் கலக்காதீர்கள். அதிலுள்ள கார்பனேட் இயங்குறுப்பை விழுங்கிவிடும். மெழுகுப் பிசுபிசுப்போ தூளின் மேல் பூசிக்கொள்ளும்.

ஈயக்குட்டை எழுதியது:

டைட்டானியம் என்றதும் எழுதத் தோன்றியது. நம் கிந்தா பள்ளத்தாக்கு ஈயக்குட்டைகளில் ஈயத்தை (வெள்ளீயத்தை) அலசி எடுத்தபின் எஞ்சும் கறுப்பு மணலை ‘ஆமாங்’ என்பார்கள். அதில் இல்மனைட் நிறைய உண்டு. அது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கனிமம். இரண்டு வழிக்கும் உரிய இரண்டு தனிமங்களும் ஒரே கல்லில். என் தாத்தா காலத்து வீட்டின் பின்னால் இன்றும் சில மூட்டைகள் கிடக்கின்றன. அமிலம் வேண்டுமென்றால் ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் நம் ஊரில் கிடைக்காத பொருளா? அக்கா விரும்பினால் இரண்டையும் கொடுக்கத் தயார்.

கரும்பலகை எழுதியது:

தம்பி, உங்கள் நல்லெண்ணத்தில் குறை காணவில்லை; ஆனால் அந்த மூட்டைகளைத் தயவுசெய்து அவிழ்க்க வேண்டாம். ஆமாங்கில் இல்மனைட்டும் சிர்க்கானும் மட்டும் இல்லை. மோனசைட், செனோடைம் என்னும் கனிமங்களும் இருக்கின்றன. மோனசைட்டில் தோரியம் உண்டு. அது கதிரியக்கப் பொருள். ஆமாங்கைப் பிரிக்கும் ஆலைகள் 1984ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ் வருவதற்குக் காரணமே அதுதான். காய்ந்த மணலை அரைத்துத் தூளாக்கினால் அந்தத் தூசி மூச்சுக்குள் போகும். ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேரா மக்கள் தோரியக் கழிவை எதிர்த்து எண்பதுகளில் நீதிமன்றம் ஏறியதை என் வயதுடையவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சாயத்தைப் போக்கப் போய் அதைவிடப் பொல்லாததைப் பின்கட்டில் பரப்பக் கூடாது.

இரும்புத்துரு எழுதியது:

ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். வேதியியல் நோக்கிலும் இல்மனைட்டுக்கு ஒரு குறை உண்டு: அதை வெட்டியெடுத்தபடியே போட்டால் டைட்டானியம் டையாக்சைடுபோல வேலை செய்யாது. டைட்டானியமும் இரும்பும் ஒரே படிகத்தில் பின்னிக் கிடப்பதால் அதைப் பிரித்தெடுக்கக் கந்தக அமிலமோ குளோரினோ கொண்டு பெரிய ஆலையில் செய்யும் வேலை வேண்டும்.

ஃபார்மிக் அமிலம் பற்றியும் ஒரு சொல். அது தானே ஓர் எளிய கரிமப் பொருள். பிறந்த இயங்குறுப்பு சாயத்தைத் தேடிப் போகும் முன் இதைக் கடித்துப் பசியாறிவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் குளோரைடு வந்து குறுக்கே நிற்கும். நீர்த்த கந்தக அமிலம்தான் இந்த வேலைக்கு ஏற்றது. அதையும் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் முன்னிலையில் கையாள்வதே முறை.

இன்னொன்று, யாரும் கேட்கும் முன் சொல்கிறேன். பெயிண்ட் கடையில் கிடைக்கும் வெள்ளை டைட்டானியத் தூளை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். வெயிலில் அது வினையூக்கியாக வேலை செய்தால் சுவரின் பெயிண்டே சுண்ணாம்புபோல உதிர்ந்துவிடும் என்பதற்காக, ஒவ்வொரு துகளின் மேலும் சிலிக்காவும் அலுமினாவும் பூசி அதன் பல்லைப் பிடுங்கித்தான் விற்கிறார்கள்.

ஆலைக்குளம் எழுதியது:

செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் கழிவுநீர் அளந்து ஓய்வுபெற்றவன் நான். இதுவரை பேச்செல்லாம் நிறத்தைச் சுற்றியே போகிறது. எங்கள் துறையில் நிறம் கடைசிக் கணக்கு. முதல் கணக்கு சிஓடி, அதாவது நீரிலுள்ள பொருள்களை முழுவதும் ஆக்சிஜனேற்றம் செய்ய எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு. எங்கள் ஆலைக் கழிவு லிட்டருக்கு அரை லட்சம் மி.கி. சிஓடியோடு குளத்துக்குள் வரும். காற்றில்லாக் குளத்தில் நுண்ணுயிர்கள் அதை வாரக்கணக்கில் தின்று இறக்கும். சாயநீர் அளவில் அதைவிட மிக இலேசானது. ஆனால் நுண்ணுயிர் விரும்பித் தின்னாத பண்டம். அசோ வகைச் சாயம் (நைட்ரஜன் பிணைப்பால் நிறம் பெறுவது) காற்றில்லா இடத்துக்குப் போனால் நைட்ரஜன் பிணைப்பு அறுந்து நிறம் போய்விடும், அமீன்கள் எஞ்சும். அவற்றில் சில புற்றுநோய் வருவிப்பவை. கால்வாயில் ரோஜா நிறம் சற்றுத் தூரம் ஓடி மறைந்துவிடுகிறது என்றால், மண்ணில் ஒட்டியிருக்கலாம், நீர் கலந்து நீர்த்திருக்கலாம், அல்லது சேற்றுக்குள் இப்படி நடந்திருக்கலாம். மூன்றிலும் பொருள் போய்விடவில்லை.

பெராக்சைடு கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு கிராம் சிஓடியை முழுவதும் தீர்க்க 2.125 கிராம் ஹைட்ரஜன் பெராக்சைடு தேவை. 34ஐ 16ஆல் வகுத்தால் வரும் எண் இது. உங்கள் 100 லிட்டர் நீரின் சிஓடி லிட்டருக்கு 1,000 மி.கி. என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 100 கிராம். அதற்கு 212 கிராம் பெராக்சைடு. மருந்துக் கடையின் 3 விழுக்காட்டுப் புட்டியில் லிட்டருக்கு 30 கிராம்தான் இருக்கிறது. ஆகவே ஏழு லிட்டர். இது ஒரு துளியும் வீணாகாத கணக்கு. நடைமுறையில் கூடவே ஆகும். அடர்ந்த பெராக்சைடு மலிவு என்று 35 விழுக்காட்டுக் கேனை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். தோல் வெந்துவிடும், மூடியை இறுக்கி வைத்தால் கேன் உப்பும்.

நீங்கள் ஊற்றிய வினிகருக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு லிட்டர் சமையல் வினிகரில் 50 கிராம் அசெட்டிக் அமிலம் என்றால், அதுவே 50 கிராமுக்குச் சற்று அதிகமான சிஓடி. வாளியைச் சுத்தம் செய்யப் போய்ச் சுமையைக் கூட்டியிருக்கிறீர்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது என்றும் தெரிந்துகொள்வது நல்லது. சுற்றுச்சூழல் தர (தொழிற்சாலைக் கழிவுநீர்) விதிகள் 2009இன்படி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறம் ஆற்றில் விடும் நீருக்கு ‘ஏ’ தரம். மற்ற இடங்களில் ‘பி’ தரம். நிறத்துக்கு முறையே 100, 200 ஏடிஎம்ஐ (நீரின் நிறத்தை அளக்கும் அலகு). நெசவுத் தொழிலின் சிஓடிக்கு லிட்டருக்கு 80, 250 மி.கி. இரும்புக்கு 1, 5 மி.கி. இரும்பைப் போட்டுச் சாயத்தை நீக்கிவிட்டு இரும்பிலேயே வரம்பை மீறுபவர்களும் உண்டு. வீட்டுப் பட்டறைக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதைச் சுற்றுச்சூழல் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நொய்யல் எழுதியது:

திருப்பூரில் பிறந்து, திருமணமாகித் தெலுக் இந்தானுக்கு வந்தவள் நான். இந்த இழையைப் படிக்கும்போது சொந்த ஊரின் நொய்யல் ஆறு நினைவுக்கு வருகிறது. என் பெயரை ஏன் இப்படி வைத்துக்கொண்டேன் என்பது உங்களுக்கே புரியும்.

ஒன்றை மட்டும் நினைவூட்ட விரும்புகிறேன். திருப்பூரில் நிறம் மட்டுமே சிக்கல் என்றால் எப்போதோ தீர்ந்திருக்கும். அங்கே நிலத்தைக் கெடுத்தது உப்பு. தொட்டியில் முக்கிச் சாயமேற்றும் முறையில் சாயம் நூலில் ஏறுவதற்காகக் கிலோக் கணக்கில் உப்பைப் போடுகிறார்கள். எந்த வினையூக்கியாலும் உப்பைச் சிதைக்க முடியாது, ஏனென்றால் சிதைப்பதற்கு அதில் எதுவும் இல்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோது, சொட்டுநீரும் வெளியே விடாத முறைக்கு மாறினால்தான் திறக்கலாம் என்ற நிலை வந்ததற்கு இந்த உப்பும் ஒரு பெருங்காரணம். தூரிகையால் தீற்றும் பாத்தேக்கில் அவ்வளவு உப்பு இராது என்று நினைக்கிறேன். அது உங்கள் நற்பேறு. ஆனால் சிலிக்கேட், சோடா இரண்டின் சோடியமும் நீரிலேயே இருக்கும். தெளிந்த நீரைக் கீரைப் பாத்திக்கு விட்டுவிடாதீர்கள்.

மெழுகுத்தூரிகை எழுதியது:

நொய்யல் அக்கா, கீரைப் பாத்திக்கு விடத்தான் நினைத்திருந்தேன். நல்லவேளை எழுதினீர்கள். மேக்னடைட்டுக்கு எங்கே போவது என்று யாராவது சொல்ல முடியுமா? ஆற்று மணலில் காந்தம் போட்டு எடுக்கலாம் என்கிறான் பையன்.

இரும்புத்துரு எழுதியது:

நம் வட்டாரத்து ஆற்றுக் கறுமணலில் என்னென்ன கலந்திருக்கும் என்பதை மேலே ஐயா சொல்லிவிட்டார், அது வேண்டாம். வன்பொருள் கடையில் சிமெண்டுத் தரைக்கு நிறம் சேர்க்கும் கறுப்பு இரும்பு ஆக்சைடு கேளுங்கள். அது ஆலையில் செய்த மேக்னடைட். ஆனால் கறுப்பு என்ற பெயரில் கரித்தூளும் விற்கிறார்கள். பொட்டலத்தின் மேல் காந்தத்தை வையுங்கள். தூள் எழுந்து முள்போல நின்றால் வாங்குங்கள், அசையாமல் கிடந்தால் விட்டுவிடுங்கள்.

சோதனையை இப்படி அமைக்கச் சொல்லுங்கள். சிலிக்கேட் வழித்தபின் வரும் மூன்றாம் அலசல் நீரை எடுத்து, வெளிர் சிவப்பாகும் வரை நீர்க்கச் செய்யுங்கள். அடர்ந்த சாயத்துக்குள் ஒளி ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் போகாது. தூளும் பெராக்சைடும் அமிலமும் உள்ளது ஒன்று; அமிலம் மட்டும் இல்லாதது ஒன்று; தூள் இல்லாதது ஒன்று; பெராக்சைடு இல்லாதது ஒன்று; எல்லாம் இருந்தும் இருட்டில் இருப்பது ஒன்று. ஐந்தும் இல்லாமல் ஒரு முடிவும் எழுத வேண்டாம்.

மெழுகுத்தூரிகை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். முதல் கடையில் வாங்கவிருந்தது கரித்தூள், காந்தம் காட்டிக்கொடுத்தது. கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். இரண்டாம் கடையில் கிடைத்தது சரியான சரக்கு.

பையனின் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் துணையோடு நீர்த்த கந்தக அமிலத்தால் பிஎச் தாளில் 3 காட்டும் வரை இறக்கி, ஐந்து புட்டிகளையும் வரிசையாக வைத்தோம். பெராக்சைடு இல்லாத புட்டி, அமில நீரில் தூள் கொஞ்சம் சாயத்தைப் பிடித்துக்கொண்டதால் முதல் ஒரு மணி நேரத்தில் சற்று வெளிறி, அதன்பின் அப்படியே நின்றுவிட்டது. தூள் இல்லாத புட்டியில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியவில்லை. அமிலம் இல்லாததும் சிவப்பாகவே இருக்கிறது. எல்லாம் உள்ள வெயில் புட்டி முதல் நாள் மாலை ஆரஞ்சு நிறத்துக்கு வந்து, இரண்டாம் நாள் நண்பகலில் வெளிர் மஞ்சளாகிவிட்டது. அதே கலவையுள்ள இருட்டுப் புட்டி நான்காம் நாள்தான் அந்த மஞ்சளை எட்டியது. காந்தத்தைப் புட்டியின் பக்கவாட்டில் வைத்ததும் கறுப்புத் தூள் மீசைபோல ஒட்டிக்கொண்டது. நீரைச் சாய்த்து ஊற்ற வசதியாக இருந்தது.

இந்தமுறை பையன் கொண்டாடவில்லை. மஞ்சள் ஏன் மிஞ்சியது என்றுதான் கேட்கிறான்.

கரும்பலகை எழுதியது:

அவனுக்கு என் பாராட்டு. நல்ல கேள்வி. சாயத்தின் நிறம் தரும் நைட்ரஜன் பிணைப்பு முதலில் அறுகிறது, சிவப்பு போய்விடும். வளைய அமைப்புடைய துண்டுகள் இன்னும் மிதக்கின்றன. மஞ்சளுக்கு அவை காரணமாக இருக்கலாம். கரைந்த மூவிணைதிற இரும்பும் மஞ்சளாகவே தெரியும். எது எவ்வளவு என்பதைக் கண்ணால் பிரிக்க முடியாது. வேலை முடிந்ததும் சோடாவால் பிஎச்சை 7க்கு மேல் ஏற்றினால் இரும்பு துருச்சேறாக இறங்கிவிடும். வடிகட்டியபின்னும் மஞ்சள் இருந்தால் அது சாயத்தின் எச்சம்.

இரும்புத்துரு எழுதியது:

அக்கா, இன்னொரு சோதனையும் செய்யலாம். வினை பாதியில் இருக்கும்போது தூளைக் காந்தத்தால் முழுவதும் நீக்கிவிட்டு, தெளிநீரை மட்டும் வெயிலில் விடுங்கள். நிறம் அதே வேகத்தில் தொடர்ந்து குறைந்தால், வேலை செய்தது கனிமத்தின் மேற்பரப்பு அன்று, அதிலிருந்து கரைந்து இறங்கிய இரும்பு. அப்படியானால் தூளை ஐந்து முறை, பத்து முறை பயன்படுத்தலாம் என்ற பேச்சு குறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் கரைந்துகொண்டே போகிறது என்று பொருள்.

ஆலைக்குளம் எழுதியது:

வடிகட்டிய நீரைத் தனியார் ஆய்வுக்கூடத்துக்குச் சிஓடிக்கு அனுப்பும் முன் ஒரு தடையைத் தாண்ட வேண்டும். எஞ்சியுள்ள பெராக்சைடு அந்தச் சோதனையில் தன்னையும் சிஓடியாகக் காட்டிக்கொள்ளும், ஒரு மி.கி. பெராக்சைடு கிட்டத்தட்ட அரை மி.கி. சிஓடியாக எண்ணப்படும். தெரியாமல் அனுப்பினால், சுத்தம் செய்தபின் நீர் முன்பைவிட அழுக்கு என்று அறிக்கை வந்து நிற்கும். ஆகவே பிஎச்சை நடுநிலைக்குக் கொண்டுவந்தபின், ஒரு கரண்டி நீரைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் ஒரு சிட்டிகை தூவுங்கள். பொங்கி நுரைத்தால் பெராக்சைடு மிச்சம் இருக்கிறது. ஈஸ்டை அனுப்பும் மாதிரிக்குள் போட்டுவிடாதீர்கள், அதுவும் சிஓடிதான்.

துருச்சேற்றைக் குப்பையில் போட வேண்டாம். மூடியுள்ள வாளியில் சேர்த்து வையுங்கள். சாயச்சேறு நம் நாட்டில் பட்டியலிடப்பட்ட கழிவு வகையைச் சேர்ந்தது. அதை எப்படிக் கொடுப்பது என்பதையும் அதே அலுவலகத்தில் கேட்டுவிடலாம்.

மெழுகுத்தூரிகை எழுதியது:

சோடா போட்டதும் செம்பழுப்புச் சேறு இறங்கியது. மேல்நீரில் மஞ்சள் முக்கால்வாசி போய்விட்டது, கால்வாசி இருக்கிறது. ஈஸ்டைத் தூவினோம், அண்ணே. நன்றாக நுரைத்தது. புட்டியை மறுபடியும் வெயிலில் வைத்திருக்கிறோம்; நாளை மாலை இன்னொரு கரண்டி எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். நேற்றைய மூன்று துணிகளிலும் சிலிக்கேட்டை ரப்பர் பட்டையால் வழித்தேன். கால் வாளிக்குச் சற்று மேலேயே திரும்பக் கிடைத்தது.